இளந்தாயும் அவள் மகனும்

ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் நான். அவற்றுட் பெரும்பகுதி வன்னியிலே, சிறு பாடசாலையொன்றிலே கழிந்தது. அடங்காத பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறேன். பிரம்பினால் எவரையும் திருத்திவிடலாமென்று நம்பிய காலமும் உண்டு. அந்த நம்பிக்கையை என்னிடமிருந்து பறித்தவன் எட்டு வயதுச் சிறுவனொருவன். அவனைப் பற்றியும், அவனை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய சில ஆராய்ச்சிகளைப் பற்றியும் இங்கு எழுத விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டு. நான் அப்பாடசாலையின் அதிபராக இருந்தேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவனைக் கையிற் பிடித்தபடி அடிக்கடி என் அறைக்கு வருவார். ஒருநாள் பக்கத்துப் பிள்ளையின் காதைக் கடித்துவிட்டான். மற்றொருநாள் தன் கொப்பியைத் தானே கிழித்தெறிந்தான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவிடுவான். “வளர்ப்புச் சரியில்லை” என்றார் ஆசிரியை. தாயை அழைத்துவரச் சொன்னேன். அவளைக் கண்டிப்பதற்கான சொற்களையும் மனத்துள் அடுக்கி வைத்திருந்தேன்.

வந்தவளைக் கண்டதும் அச்சொற்கள் நாவிலேயே நின்றுவிட்டன. அவள் என் பழைய மாணவி. 2007இல் பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி வன்னிப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அவசரமாக மணமுடித்து வைத்த காலம் அது. திருமண வயது பதினெட்டு என்று நாட்டின் பொதுத் திருமணச் சட்டம் 1995இலேயே திருத்தப்பட்டிருந்தது. ஆயினும் அச்சம் சூழ்ந்த ஊரிலே சட்டத்தை யார் நினைத்தார்கள்? கோயிலிற் கட்டிய தாலியே போதுமானதாயிற்று. அவளுக்கு அப்போது வயது பதினைந்து. விடுகைப் பத்திரம் கேட்டுத் தகப்பனார் வந்தபோது வகுப்பாசிரியனாகிய நானே அதை எழுதினேன். ‘நடத்தை: மிக நன்று’ என்று எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. தடுத்து ஒரு சொல்லும் சொன்னேனல்லேன்.

பதினாறு வயதில் அவள் தாயானாள். 2009இல், போரின் இறுதி மாதங்களிலே, கணவனை இழந்தாள். கைக்குழந்தையோடு மெனிக் பாம் முகாமுக்குச் சென்று மறு ஆண்டில் ஊர் திரும்பினாள். இப்போது இருபத்து நான்கு வயதில், குற்றவாளியைப் போல என் முன் நின்றாள்.

“பிள்ளை, வீட்டிலையும் இவன் இப்பிடித்தானோ?” என்று கேட்டேன்.

“ஓம் சேர். அடிச்சாலும் அழமாட்டான். எனக்குத்தான் அழுகை வரும். பிள்ளை வளர்க்கிறது எப்பிடியெண்டு எனக்கு ஆர் சேர் சொல்லித் தந்தது?”

அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அதன் பின்பே இப்பொருள் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

இளவயதிலே தாயானோரின் பிள்ளைகளிடத்து முரட்டுத்தனம், படிப்பிற் பின்னடைவு, பிற்காலத்திற் சட்டத்தோடு முரண்படுதல் ஆகியன ஏனையோரிலும் மிகுதியாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், இதற்குக் காரணம் தாயின் வயதா, அன்றி அவளைச் சூழ்ந்த வறுமையா? அமெரிக்க ஆய்வாளர் ஆர்லீன் ஜெரோனிமஸ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1994இல் இதற்கு விடை காண ஒரு வழியைக் கையாண்டனர். ஒருத்தி இளவயதிலும் மற்றவள் பிந்தியும் தாயான சகோதரிகளைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய பிள்ளைகளை ஒப்பிட்டனர். ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளாகிய அவர்களுள், இளந்தாயின் பிள்ளைகள் படிப்பிலோ நடத்தையிலோ பின்தங்கியிருக்கவில்லை. தாய் பிறந்து வளர்ந்த குடும்பத்தின் வறுமையே வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணமென்பது அவர்கள் முடிபு. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தூரம் செல்லவில்லை. நடத்தைக் குறைபாட்டில் தாயின் இளவயதுக்கும் ஒரு பங்கு உண்டென்பன சில. ஆயினும், வயது மட்டுமே குற்றவாளியென்று கூறும் துணிவு அவற்றைப் படித்தபின் எவருக்கும் வராது.

என்னை மிகவும் சிந்திக்கவைத்தது பால்ட்டிமோர் நகரத்து ஆய்வு. சமூகவியலறிஞர் பிராங்க் பேர்ஸ்ரன்பேர்க், 1960களின் நடுப்பகுதியில் அந்நகர வைத்தியசாலையொன்றுக்கு வந்த கருவுற்ற சிறுமியரைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அவர்களிற் பெரும்பாலோர் வறிய கறுப்பின மக்கள். 1984இலும் அவர்களைத் தேடிச் சென்று விசாரித்தார். தாய்மாரிற் பலர் எதிர்பார்த்ததை விட நல்ல நிலையில் இருந்தனர்; விட்ட படிப்பைத் தொடர்ந்தவர்களும், தொழில் தேடிக்கொண்டவர்களும் பலர். ஆனால் பிள்ளைகளின் நிலை அவ்வாறிருக்கவில்லை. ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரு வகுப்பையேனும் மீண்டும் படிக்க நேர்ந்திருந்தது. தாய் தட்டுத் தடுமாறி எழுந்துகொண்ட ஆண்டுகளே பிள்ளையின் குழந்தைப் பருவமாக அமைந்துவிட்டன. எனினும், தாய் படிப்பைத் தொடர்ந்த இல்லங்களிலே பிள்ளைகளும் முன்னேறக் கண்டனர்.

மற்றொன்று நியூயோர்க் மாநிலத்து எல்மைரா என்னும் சிற்றூரில் டேவிட் ஓல்ட்ஸ் என்பார் நடத்தியது. 1978 முதல் 1980 வரை, முதற் பிள்ளைக்குக் கருவுற்றிருந்த 400 பெண்கள் இதிற் சேர்க்கப்பட்டனர். ஏறக்குறையப் பாதிப்பேர் பத்தொன்பது வயதுக்குக் குறைந்தவர்கள். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குக் கருவுற்ற காலம் முதற் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை தாதியர் சென்று வந்தனர். குழந்தை அழுவது ஏன், அதனோடு விளையாடுவது எப்படி, அடுத்த பிள்ளையை எப்போது பெறுவது, விட்ட படிப்பை எவ்வாறு தொடர்வது என்பனவே அவர்கள் பேசியவை. அப்பிள்ளைகள் பதினைந்து வயதெய்திய போது ஆராய்ந்து, முடிவை 1998இல் வெளியிட்டனர். வறிய, மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், தாதியர் சென்று வந்த வீட்டுப் பிள்ளைகள் பொலிசாரிடம் அகப்பட்டதும் வீட்டைவிட்டு ஓடியதும் குறைவு.

வீடு தேடி வரும் மருத்துவிச்சி நமக்குப் புதியவளல்லள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்த காலந்தொட்டு வளர்ந்த ஏற்பாடு அது. ஆனால் என் மாணவியின் குழந்தை பதுங்கு குழியிலும் முகாமிலும் தவழ்ந்தது. “எனக்கு ஆர் சொல்லித் தந்தது?” என்று அவள் கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று.

பெரிதாக ஒன்றும் நான் செய்துவிடவில்லை. அவன் மீது பிரம்பு படலாகாதென்று ஆசிரியர்களிடம் சொன்னேன். வாரத்தில் மூன்று மாலைகளில் தாயையும் மகனையும் பாடசாலைக்கு வரச்செய்தேன். அவள் சாதாரண தரப் பாடங்களைப் படிப்பாள். அவன் அருகிலிருந்து படம் கீறுவான், சிலவேளை ஓடுவான், பின் தானாகவே திரும்பி வருவான். தாய் எழுத்துப் பிழை விட்டு என்னிடம் திருத்தம் பெறுவதைக் கண்டு அவன் வியந்தான். பிழை விடுவதும் திருத்துவதும் அடியின்றி நடக்கக்கூடியன என்பதை அவன் அங்கேதான் கண்டான் போலும். 2018இல் அவள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றி ஆறு பாடங்களிற் சித்தியெய்தினாள்.

மகன் முற்றிலும் மாறிவிட்டானென்று கூற மாட்டேன். கோபம் வந்தாற் கதவை அறைந்து சாத்துவான். 2024ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சையில் தமிழிற் சித்தியெய்தினான், கணிதத்தில் எய்தவில்லை. “திரும்ப எடுப்பன் சேர். அம்மாவும் பிந்தித்தானே எடுத்தவ” என்றான்.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் அடங்காத பிள்ளையைக் காணும்போது அவன் தாய்க்கு என்ன வயதென்றும் விசாரியுங்கள். குற்றஞ்சாட்டுவதற்காக விசாரிக்க வேண்டாம், துணை செய்வதற்காக விசாரியுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு விடுகைப் பத்திரம் கேட்டு எவரேனும் வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏனென்று கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை.