கோடு எழுதாமலே ஒரு மென்பொருள்!

ஒரேயொரு செமிகோலன் விட்டுப்போனதற்காக லேபில் பாதி பீரியடைத் தொலைத்தவர்கள் நம்மில் ஏராளம். கோடே எழுதாமல் மென்பொருள் செய்யலாம் என்றால், "சும்மா கதை விடாதப்பா" என்றுதான் சொல்வீர்கள்.

ஆனால் விஷயம் நிஜம். திரையில் பெயர், தேதி, தொகை என்று கட்டங்களை இழுத்துப் போட்டுப் படிவம் அமைத்தால், பின்னால் டேட்டாபேஸ் தானே உருவாகிவிடும். "பத்தாயிரத்துக்கு மேல் போனால் முதலாளிக்குத் தகவல் போகட்டும்" என்பது போன்ற விதியையும் மவுஸாலேயே வைத்துவிடலாம். இது நோ-கோட். சிக்கலான இடத்தில் நாலு வரி நாமே எழுதிச் சேர்த்தால் அது லோ-கோட்.

ஃபாரஸ்டர் நிறுவனம் லோ-கோட் என்ற பெயரைப் பரப்பியது 2014-ல். நம்ம ஊர்க்காரர்களோ அதற்கு முன்பே களத்தில் இறங்கிவிட்டார்கள். 'சோஹோ கிரியேட்டர்' வந்தது 2006-ல். சென்னையில் சுரேஷ் சம்பந்தத்தின் நிறுவனம் 'கிஸ்ஃப்ளோ'வைக் கொண்டுவந்தது 2012-ல். பத்து வருஷம் கழித்து, கூடவே உழைத்த ஐந்து பேருக்கு ஆளுக்கொரு பி.எம்.டபிள்யூ கார் கொடுத்தார்! (நமக்கு டவுன் பஸ் போதும்.)

முதலீட்டாளர்களுக்கு இதில் என்ன ஆசை? 2018-ல் சீமென்ஸ் சுமார் 60 கோடி யூரோ கொடுத்து 'மெண்டிக்ஸ்' நிறுவனத்தை வாங்கியதே! காரணம் வாடகைதான். பயன்படுத்தும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வரும். கணக்கு வழக்கெல்லாம் உள்ளே போனபின் வாடிக்கையாளர் லேசில் வெளியேற மாட்டார்.

வியாபாரிக்கு ஆபத்தும் அங்கேதான். கூகுள் தன் 'ஆப் மேக்கர்' சேவையை 2021 ஜனவரியில் மூடியது. தகவல்கள் தப்பின, அதில் செய்த அப்ளிகேஷன்களை அப்படியே வேறிடத்துக்குத் தூக்கிப்போக வழியில்லை. திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

எங்கள் வில்லாபுரத்தில் மாமா அப்பள வியாபாரம் செய்கிறார். மாவு வாங்கிப்போய் வீட்டில் அப்பளம் போட்டுக் கொண்டுவரும் அக்காமார்களின் கூலிக் கணக்கு ஒரு நீள நோட்டில் இருக்கிறது. அதற்கொரு படிவம் செய்ய உட்கார்ந்தேன். கட்டம் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. யோசனைதான் இரண்டு நாள்! மாவு வாங்குவது அம்மா. அப்பளம் கொண்டுவருவது மகள். கூலி யார் பேரில்? முன்பணம் எந்த வாரத்தில் கழியும்? இதையெல்லாம் எந்தப் பிளாட்பாரமும் சொல்லித்தராது. டி.பி.எம்.எஸ். பாடத்தில் நாம் கடனுக்கு வரைகிற ஈ-ஆர் படம்தான் கைகொடுத்தது. அதில் ஒரு கோடு தப்பினால் ஒருத்தருடைய வாரக்கூலி குறையும், சும்மா இல்லை.

சனிக்கிழமைதோறும் மொத்தக் கணக்கையும் சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கி மாமாவின் பென் டிரைவில் போட்டுவிடுகிறேன். நோட்டை அவர் இன்னும் மூடவில்லை. "மூணு மாசம் ரெண்டும் ஒத்துப் போகட்டும்டா மாப்ளே, அப்புறம் பாப்போம்" என்கிறார்.