காளான் கொட்டகைக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை: நவம்பரிலேயே கணக்குப் போடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டை ஒட்டித் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டுச் சிப்பிக்காளான் வளர்க்கிறார்கள். பின்னால் இரண்டு கறவை மாடுகள். ஞாயிறு தவிர தினமும் 10 காளான் படுக்கை போடுவார்கள், 5 அல்லது 6 கிலோ காளான் பறிப்பார்கள். காலை 8 மணிக்குள் காளான் கடைகளுக்கும் பால் சொசைட்டிக்கும் போய்விடும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸை அந்த வீட்டு அம்மா இன்னும் மறக்கவில்லை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்து சேர மணி இரண்டு. நாலரைக்கு எழுந்து கொட்டகைக்குள் போனால், முந்தின நாள் மொட்டாக விட்டுப் போன காளான் முழுக்க விரிந்து நிற்கிறது. பறித்து எடை போட்டால் 9 கிலோ. வாங்கும் கடைகள் எல்லாம் பூட்டு. குளிர்பெட்டிக்குள் கறியும் கேக்கும். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் தென்னை மூட்டுக்குப் போனது. மறுநாளும் அதே கதைதான். பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் அழுதது அழுததுதான், போகவில்லை. "பூசைக்குப் போனேன்னுதான் பேரு, மனசு முழுக்க கொட்டகையிலதான் கெடந்து" என்கிறார்.

போன வருடம் அதே குடும்பம் டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை ஒன்பது நாள் கொட்டகையில் பறிப்பு இல்லாமல் இருந்தது. ஒரு கிலோகூட வீணாகவில்லை. கடையைப் பூட்டுவதுபோல 23-ம் தேதி இரவு பூட்டிவிட்டுப் போனதால் நடந்தது அல்ல இது. கணக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டது.

பின்னால் இருந்து எண்ண வேண்டும்

சிப்பிக்காளானில் வித்து போட்ட நாளில் இருந்து படுக்கை முழுக்க வெள்ளையாகப் பரவ 15 முதல் 18 நாள் ஆகும். உறையைக் கிழித்து, வளர்ப்பு அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் மூன்று, நான்கு நாளில் மொட்டு வரும். அதற்கு மேல் மூன்று நாளில் பறிக்கலாம். ஆக, முதல் பறிப்பு 23-ம் நாள் வாக்கில். பிறகு வாரத்துக்கு ஒன்றாக இரண்டாவது, மூன்றாவது பறிப்பு, அதாவது 30, 37-ம் நாட்களில். இதில் முதல் பறிப்பில்தான் மகசூல் அதிகம். மூன்றாவது பறிப்பு சொற்பம்.

இதை நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். நவம்பர் 23-ம் தேதி போட்ட படுக்கை டிசம்பர் 16-ல் முதல் பறிப்பும் 23-ல் இரண்டாவது பறிப்பும் கொடுத்துவிடும். மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும், நஷ்டம் பெரிதில்லை. டிசம்பர் 1-ம் தேதி போட்ட படுக்கையோ சரியாக 24-ம் தேதி முதல் பறிப்புக்கு வந்து நிற்கும். கிறிஸ்துமஸ் அன்று கொட்டகைக்குள் ஆளை இழுப்பது இந்தப் படுக்கைதான். எனவே அந்தக் குடும்பம் நவம்பர் 24 முதல் டிசம்பர் 10 வரை ஒரு படுக்கைகூடப் போடவில்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்காக டிசம்பர் 3-ம் தேதி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வழக்கமாக அந்தத் திருவிழாவுக்கும் அரக்கப் பரக்கப் போய் வருகிறவர்கள் போன வருடம் நிதானமாகப் போனார்கள்.

நுட்பம் இருப்பது இதற்கு அடுத்த கட்டத்தில். டிசம்பர் 11-ல் திரும்பவும் படுக்கை போடத் தொடங்கினார்கள், அதுவும் நாளுக்கு 15 வீதம் 22-ம் தேதி வரை. 11-ம் தேதி போட்டது 28 வாக்கில்தான் முழுக்கப் பரவும். வித்து பரவும் காலத்தில் படுக்கைக்குத் தண்ணீர் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், ஆளும் வேண்டாம். நிழலும் 25 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பமும் போதும். பரவி முடிந்த பிறகும் நாலைந்து நாள் உறைக்குள்ளேயே இருந்தால் கெட்டுப்போகாது. துளை வழியே ஒன்றிரண்டு மொட்டு எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். காளான் தொழிலில் தானாகக் கிடைக்கிற விடுமுறை இந்தப் பதினைந்து நாள். அதைக் கிறிஸ்துமஸின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஜனவரி 2-ல் உறையைக் கிழிக்கத் தொடங்கினால் 8-ம் தேதி முதல் பறிப்பு. பொங்கல் சந்தைக்கு நேராகப் போய்ச் சேரும்.

காளானுக்குத் தேதி தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. டிசம்பர் மழையில் அறை குளிர்ந்தால் 20 நாள்கூட எடுக்கும். போன வருடம் அப்படித்தான் எடுத்தது. விடுமுறைக்கு அது இடைஞ்சல் இல்லை. ஆனால் நவம்பரில் போட்ட படுக்கைகள் இரண்டு நாள் பிந்தினால் இரண்டாவது பறிப்பு 25-ம் தேதியில் வந்து விழும். கடைசித் தொகுதியை இரண்டு நாள் முன்னதாகவே போட்டு முடிப்பது நல்லது.

வித்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தாய் வித்தில் இருந்து படுக்கை வித்து தயாராக 15 நாளுக்கு மேல் ஆகும். டிசம்பர் 11-க்கு வித்து வேண்டுமென்றால் நவம்பர் மூன்றாவது வாரத்திலேயே பொட்டலக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். விடுமுறைக்கு முன் மிஞ்சிய வித்தை ஜனவரிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பழைய வித்து வீரியம் குறைந்து, பச்சைப் பூசணத்துக்கு இடம் கொடுக்கும். வைக்கோலும் அப்படித்தான். கன்னிப்பூ அறுவடை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்தே வருகிறது. நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, தரையில் படாமல் மூங்கில் பரப்பின்மேல் அடுக்குங்கள்.

சந்தையே விடுமுறை கொடுக்கிறது

கார்த்திகை, மார்கழியில் காளானுக்குக் கிராக்கி கூடும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வீட்டில் கறி இல்லை. மார்த்தாண்டம் பக்கம் டிசம்பர் 1 முதல் 25 நோன்பு பிடிக்கும் குடும்பங்களிலும் கறி இல்லை. அங்கெல்லாம் காளான் போகிறது. கிறிஸ்துமஸ் அன்று கூட்டம் கறிக்கடையில்தான். காளானைத் தேடுவார் குறைவு, வாங்கும் கடைகளும் திறப்பதில்லை. வியாபாரம் இல்லாத நாளில் சரக்கு இல்லாமல் இருப்பதில் இழப்பு குறைவு. கேக், இறைச்சிக்கோழி, வாழைக்குலை போன்றவற்றை நம்பியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு 24-ம் தேதி மாலை வரை ஓட்டம்தான், ஓய்வு 26-க்குப் பிறகுதான் வரும்.

கடைக்காரர்களிடம் டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்: 23 வரை உண்டு, ஜனவரி 8-ல் இருந்து மறுபடி உண்டு. தேதி சொல்லாமல் நின்றால் வேறு ஆளிடம் வாங்கப் போய்விடுவார்கள், திரும்பி வருவது கஷ்டம். வர வேண்டிய பாக்கியை 20-ம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். "புத்தாண்டு கழியட்டும்" என்று தொடங்கும் பாக்கி பொங்கல் தாண்டித்தான் கைக்கு வரும்.

கொட்டகையும் மூச்சு விடட்டும்

வருடம் முழுக்க இடைவெளி விடாமல் படுக்கை போடும் கொட்டகைகளில் காளான் ஈயும் பச்சைப் பூசணமும் நிரந்தரமாகக் குடியேறிவிடுகின்றன. பழைய படுக்கையில் முட்டையிட்ட ஈ, பக்கத்தில் இருக்கும் புதுப் படுக்கைக்குத் தாவும். கொட்டகை காலியாக ஒரு வாரம் கிடந்தால் அந்தச் சங்கிலி அறும். மருந்தைவிட இது பலமானது. டிசம்பர் 23-ல் வளர்ப்பு அறையில் இருக்கும் பழைய படுக்கைகளை எல்லாம் வெளியே எடுங்கள். கொட்டகை வாசலிலேயே குவித்து வைத்தால் பயன் இல்லை, தள்ளியிருக்கும் எருக்குழிக்குக் கொண்டுபோக வேண்டும். தரை மணலை மாற்றி, சுவரையும் உறியையும் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, கதவைத் திறந்து காய விடுங்கள். வித்து பரவும் அறையை மட்டும் தினமும் ஒருவர் பத்து நிமிடம் பார்த்தால் போதும். பச்சைத் திட்டு தெரியும் படுக்கையை உடனே வெளியேற்ற வேண்டும், எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நட்சத்திர விளக்கையும் சீரியல் செட்டையும் கீற்றுக் கொட்டகைமேல் கட்டாதீர்கள். பக்கத்தில் வைக்கோல், மேலே காய்ந்த ஓலை, சுற்றிலும் பட்டாசு. வீட்டு வாசலில் எத்தனை விளக்கு வேண்டுமானாலும் தொங்கட்டும்.

எவ்வளவு குறையும்?

மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. படுக்கை போடாத நாட்கள், விடுமுறை நாட்கள், டிசம்பர் 11-க்குப் பிறகு கூடுதலாகப் போட்டது எல்லாம் கழித்துப் பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு 180 படுக்கை குறைந்தது. படுக்கைக்கு 600 கிராம் என்றால் 108 கிலோ. கிலோ 200 ரூபாய்க்கு 21,600 ரூபாய். வைக்கோல், வித்து, உறை, எரிபொருள் என்று படுக்கைக்கு 50 ரூபாய் செலவு மிச்சம், அது 9,000. ஆக 12,600 ரூபாய் வருமானம் குறைவு. ஜூலை முதல் வாரம் 500 ரூபாய் எடுத்து வைத்துக்கொண்டு வந்ததால் சமாளித்தார்கள். ஜனவரியில் கட்ட வேண்டிய மகளிர் குழுத் தவணையையும் டிசம்பர் 20-லேயே தனியாக எடுத்து வைத்தார்கள். இந்தச் சேமிப்பு இல்லாமல் கடன் வாங்கி ஒன்பது நாள் விடுமுறை எடுப்பது சரியல்ல.

வைக்கோல் நறுக்கி அவிக்க வரும் பெண்ணுக்குப் படுக்கை போடாத நாட்களில் கொட்டகைச் சுத்தம் செய்யும் வேலையும், விடுமுறை நாட்களுக்குப் பாதிக் கூலியும் கொடுத்தார்கள். வேலை இல்லாத நாளுக்கு எதற்குக் கூலி என்று கேட்பவர்கள், ஜனவரி 2-ல் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மாட்டுக்கு விடுமுறை கிடையாது

மாட்டை ஒரு வேளை கறக்காமல் விட்டாலே மடி கட்டும், மடிநோய்க்கு அதுவே வாசல். கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு பால் வற்றச் செய்ய வேண்டிய மாடு டிசம்பரில் அந்தக் கட்டத்துக்கு வந்தால் அது அதிர்ஷ்டம். விடுமுறைக்காக நாளை முன்னே இழுக்கக் கூடாது.

இந்த வீட்டில் செய்த ஏற்பாடு, பக்கத்து வீட்டு அண்ணனோடு முறை மாற்றிக்கொண்டது. அவர்கள் பொங்கல் கொண்டாடுகிறவர்கள். கிறிஸ்துமஸ் நாட்களில் அவர் இங்கே கறப்பார், பொங்கல் நாட்களில் இவர்கள் அங்கே கறப்பார்கள். புதுக் கைக்கு மாடு பால் இறக்காது, அதனால் 17-ம் தேதியில் இருந்தே அவர் காலையில் வந்து, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, கறந்து பழகினார். கறக்கும் நேரம், தீவன அளவு எல்லாவற்றையும் தொழுவச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்தார்கள்.

பண்டிகை மிச்சச் சோறு, பிரியாணி, கேக் எதையும் மாட்டுக்குப் போடாதீர்கள். பாசத்தில் ஒரு பானைச் சோற்றை வைத்து, மறுநாள் வயிறு உப்பி, அசை போடாமல், அமில நோயில் மாடு படுத்துக்கொள்வது பண்டிகைக்குப் பண்டிகை நடக்கிறது. அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

வீட்டுக்குள்ளும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இத்தகைய கொட்டகைகளில் பாதிக்கு மேற்பட்ட வேலை பெண்கள் கையில்தான். கொட்டகை வேலை நின்ற நாளில் அவர்களை முந்திரிக்கொத்துக்கும் அச்சு முறுக்குக்கும் அடுப்படியில் நிறுத்திவிட்டால் விடுமுறை மற்றவர்களுக்குத்தான். இந்த வீட்டில் பலகாரச் சூட்டை 20-ம் தேதி ஒரே நாளில் எல்லோரும் உட்கார்ந்து முடித்தார்கள். மாவு பிசைந்தது கணவர்.

ஒன்பது நாள் முடியாதவர்களுக்கு

24, 25, 26 மூன்று நாள் போதும் என்பவர்கள் பெரிய இடைவெளி விட வேண்டியதில்லை. நவம்பர் 24, 25, 26, டிசம்பர் 1, 2, 3 ஆகிய ஆறு நாள் மட்டும் படுக்கை போடாமல் விட்டால் அந்த மூன்று நாளின் பறிப்பு வெகுவாகக் குறையும். 24-ம் தேதி அதிகாலையில் ஓரம் சுருளாத இளம் காளானாகப் பறித்து, துளையிட்ட பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் மிஞ்சினால் உலர்த்தலாம். 10 கிலோ உலர்ந்தால் 1 கிலோ நிற்கும். டிசம்பர் வெயிலை நம்ப முடியாது, உலர்த்தி இருப்பவர்களுக்கே இது ஒத்துவரும். மிச்சப் பறிப்புக்கு 25, 26-ல் அக்கம்பக்கத்தில் ஒருவரை ஏற்பாடு செய்து, பறித்ததை அவரே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கருங்கல் குடும்பம் இந்த வருடமும் அதே தேதிகளை அடுப்படி நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறது. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு மாட்டைக் கறப்பது இவர்கள் முறை. அந்த மாடு உதைக்கும் என்பதால் ஜனவரி 5-ல் இருந்தே பழகப் போக வேண்டும் என்று அதையும் குறித்து வைத்திருக்கிறார்கள்.