திருட வந்தவரை எதுவரை தாக்கலாம்?

"என் வீட்டுக்குள் திருட வந்தவனை நான் என்ன செய்தாலும் கேஸ் நிற்காது" என்று சிலர் உறுதியாகச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை கொஞ்சம்தான். அதையே முழு உண்மை என்று நம்பிக் கை ஓங்கினால், பொருளைப் பறிகொடுக்க இருந்தவரே கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

சரி, சட்டம் எனக்கு என்ன உரிமை தருகிறது? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை (உடலையும் உடைமையையும் காக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தும் உரிமை) பற்றியவை. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, சாரம் பழையதுதான். உங்கள் பொருளை ஒருவர் திருடினாலோ நாசம் செய்தாலோ தடுக்கலாம், மடக்கிப் பிடிக்கலாம். வேறு வழியில்லை என்றால் அடிக்கவும் செய்யலாம்.

பொருளைக் காக்க உயிரே போகும் அளவுக்குத் தாக்கலாமா? நான்கு நிலைமைகளில் மட்டும் 41-ஆம் பிரிவு இடம் தருகிறது. கத்தியைக் காட்டியோ அடித்தோ பறிக்கும் கொள்ளை ஒன்று. பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவது இன்னொன்று. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பது, வெடி வைப்பது மூன்றாவது. நான்காவதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது: சாதாரணத் திருட்டோ வீட்டுக்குள் அத்துமீறலோ நடக்கும்போது, உடனே தடுக்காவிட்டால் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருக்க வேண்டும். நகை போய்விடுமே என்ற பயம் இந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் இரவில் பூட்டை உடைத்து வந்தவரை வெட்டிவிடலாமா? அப்படியும் இல்லை. தடுக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-ஆம் பிரிவு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரம்பு போடுகிறது. விளக்கைப் போட்டதும் வெறுங்கையோடு நடுங்கி நிற்பவரைக் கொன்றுவிட்டு, "ராத்திரி வீடு புகுந்தான்" என்று மட்டும் சொன்னால் போதாது. போலீஸை அழைக்க அவகாசம் இருந்ததா என்றும் கேட்பார்கள்.

பொருளோடு ஓடுகிறவரை? துரத்தலாம், பிடிக்கலாம், பொருளை மீட்கலாம். அவர் தப்பிப் போகும்வரை, அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும்வரை, அல்லது போலீஸ் உதவி வரும்வரை இந்த உரிமை உண்டு. ஆனால் முதுகைக் காட்டி ஓடுபவரால் உங்கள் உயிருக்கு என்ன ஆபத்து? அவர் பின்னந்தலையில் இறங்கும் அடியைத் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது மிகக் கடினம்.

பிடித்துக் கட்டிய பிறகு தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மின்கம்பத்தில் கட்டிவைத்துத் தெருவே கூடி அடிப்பதைப் பல ஊர்களில் வீரமாக நினைக்கிறார்கள். அடிபட்டவர் இறந்துவிட்டால், "நான் ஒரே ஒரு அடிதான் அடித்தேன்" என்பவர் மீதும் கொலை வழக்கு பாயலாம். சில நேரம் கட்டப்பட்டவர் திருடரே இல்லை, வழி தவறி வந்த மனநலம் குன்றியவர் என்று பிறகு தெரியவருகிறது. பிடித்தால் போலீஸில் ஒப்படையுங்கள். பொதுமக்கள் சட்டப்படி கைது செய்தவரை ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும்.

வயல், தோப்பு என்றால்? வீட்டுக்கு உள்ள பாதுகாப்பு திறந்த வெளிக்கு இல்லை. திறந்த நிலத்தில் அத்துமீறி நுழைந்தார் என்பதற்காக உயிரை எடுக்கும் உரிமை கிடையாது என்று ஹரியானா வழக்கு ஒன்றில் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேங்காய் பறிக்க வந்தவரையும் வரப்பை வெட்டியவரையும் விரட்டலாம், புகார் கொடுக்கலாம். அவர் அரிவாளை ஓங்கினால் நிலைமை வேறு. அப்போது நீங்கள் காப்பது நிலத்தை அல்ல, உயிரை.

நான் அங்கே இல்லாதபோது வேலியில் கரண்ட் விட்டால்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பீகாரில் ஒருவர், பக்கத்து வீட்டார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க, அதற்குப் போகும் வழியில் மின்சாரம் பாயும் வெறும் கம்பியைக் கட்டினார். ஒரு பெண் அதைத் தொட்டு இறந்தார். என் இடத்தில் அத்துமீறி நுழைந்தார், அது என் தற்காப்பு என்று வாதாடியும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1963-ல் தண்டனையை உறுதி செய்தது. அத்துமீறி வருபவரை நேரடியாகத் தாக்கிக் காயப்படுத்த உரிமை இல்லாதபோது, கம்பியை வைத்து மறைமுகமாகச் செய்யவும் உரிமை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

கம்பிக்கு ஆள் தெரியாது. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரரும், மாட்டைத் தேடி வரும் சிறுவனும், உங்கள் வீட்டு ஆளும்கூட அதில் சிக்கலாம். அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்றால் இன்றைய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை. உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே வைத்ததாக நிரூபணமானால் பத்து ஆண்டு வரை போகும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளின் தொல்லை உண்மைதான், நஷ்டமும் உண்மைதான். அதற்காக வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சோலார் வேலிகள் இருக்கின்றன. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் எந்த மின்வேலிக்கும் முன்பே வனத்துறையைக் கேளுங்கள்.

பயத்தில் கை மீறிப் போய்விட்டால்? அந்தப் பதற்றத்தை நீதிமன்றங்கள் புரிந்துகொள்கின்றன. ஆபத்தின் நடுவில் நிற்பவர் ஒவ்வொரு அடியையும் அளந்து அடிக்க முடியாது என்று பல தீர்ப்புகள் சொல்கின்றன. வன்மம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு தற்காத்தபோது எல்லை தாண்டியிருந்தால் அது கொலையாகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமாகும். குறைந்தது என்றாலும் சிறை உண்டு.

தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கக்கூடியது அதுதான் என்று தெரிந்தால் போதும். அதனால் இப்படி ஏதேனும் நேர்ந்துவிட்டால் முதலில் 112-ஐ அழையுங்கள், காயம்பட்டவருக்கு 108 ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். உடைந்த தாழ்ப்பாளையும் கீழே கிடக்கும் கத்தியையும் தொடாமல் விடுங்கள். உங்கள் உடம்பில் உள்ள காயங்களை அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். விரிவான வாக்குமூலம் தருவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.