ஹம்பிக்கு லீவு கிடைக்கலையா? ராயபுரத்துல இருந்து ஆரம்பிங்க!

இடிஞ்ச கோட்டை, பழைய கல்லறை, கண்ணுக்கெட்டுற வரைக்கும் தண்ணி... இப்படி ஓர் இடத்தை ரீல்ஸ்ல பார்த்ததும் நம்ம கை தானா ஹம்பிக்கு டிக்கெட் தேடும். லீவும் பட்ஜெட்டும் ஞாபகம் வந்ததும் ஆப்பை மூடிடுவோம். ஆனா, இதெல்லாம் சென்னையில லோக்கல் ட்ரெயின் தூரத்துலயே இருக்கு பாஸ். ராயபுரத்துல ஆரம்பிச்சு பழவேற்காடு வரைக்கும் டூர் பேக்கேஜ், கைடு எதுவும் இல்லாம ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்.

ஒரே விஷயம், இந்த வழியில யாரும் நின்னு விளக்கம் சொல்ல மாட்டாங்க. எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனாதான் இடம் பேசும்.

ராயபுரம்: ரயிலோட தாத்தா வீடு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்புச்சு. பம்பாய், ஹவுராவுக்கு அடுத்து இந்தியாவோட மூணாவது ரயில் பாதை இது. சென்ட்ரல் ஸ்டேஷன் வந்ததே 1873-லதான். பம்பாய், தானேயில இருந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போ இல்லை. அதனால, இன்னிக்கும் நிற்கிற இந்தியாவின் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம்ங்கிற பெருமை ராயபுரத்துக்குத்தான். முகப்புல வரிசையா நிற்கிற உயரமான தூண்களைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. கவர்னர் மாளிகை மாதிரி இருக்கும். ரயில்ங்கிறது அந்தக் காலத்துல எவ்வளவு பெரிய விஷயம்னு அந்தத் தூண்களே சொல்லிடும்.

கரையில ஏன் இவ்வளவு பாறாங்கல்?

அங்கிருந்து கடற்கரை ரோட்டைப் பிடிச்சு வடக்கே போனா, மெரினா மாதிரி மணல் இருக்காது. கருங்கல் குவியல்தான் இருக்கும். காரணம் ரொம்ப சிம்பிள். நம்ம கடற்கரையில அலைகள் வருஷத்துல பெரும்பாலான மாசங்கள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கா தள்ளிக்கிட்டே இருக்கும். 1870-கள்ல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள சுவர் கட்ட ஆரம்பிச்சதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கிடுச்சு. இன்னிக்கு நாம நடக்குற மெரினா அப்படி அகலமானதுதான். வடக்குப் பக்கத்துக்கு மணல் வரலை. அலை மட்டும் வந்தது. கரை கரைஞ்சு, மீனவர்களோட வீடுகளும் தெருக்களும் கடலுக்குள்ள போச்சு. மிச்சம் இருக்கிற கரையைக் காப்பாத்தத்தான் இந்தக் கல். கோட்டை, கோயில் இடிஞ்சாதான் சிதிலமா? இந்தக் கரையும் ஒரு சிதிலம்தான்.

திருவொற்றியூர்: சுவரைப் படிங்க

தேரடி மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினா தியாகராஜ சுவாமி கோயில் பக்கம்தான். கருவறையோட பின்பக்கத்தைக் கவனிங்க. சதுரமா இல்லாம வளைஞ்சு இருக்கும். படுத்திருக்கிற யானையோட முதுகு மாதிரி இருக்கிறதால இதுக்கு 'தூங்கானை மாடம்'னு பேர். ராஜேந்திர சோழன் காலத்துல இது கல்லால எடுக்கப்பட்டது. சுவர் முழுக்கக் கல்வெட்டு. இலக்கணம் சொல்லிக்கொடுக்கவே இங்கே ஒரு மண்டபம் இருந்துச்சுன்னு கல்வெட்டு சொல்லுது. மதியம் நடை சாத்திடுவாங்க, காலையிலயே போயிடுங்க. கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதியும் இருக்கு.

எண்ணூர்: பிக்னிக் ஸ்பாட்டா இருந்த இடம்

புகைக்கூண்டுகளுக்குப் பேர்போன எண்ணூர், ஒருகாலத்துல வெள்ளைக்காரங்க ஓய்வுக்கு வந்த ஊர். 1806-லயே சென்னையில இருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டிட்டாங்க. பின்னால பக்கிங்காம் கால்வாய்னு ஆனது அதுதான். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுற முகத்துவாரத்துல நின்னா, ஒரு பக்கம் வலை வீசுறவங்க, இன்னொரு பக்கம் அனல் மின்நிலையம். போட்டோவுக்கு இது செம ஃப்ரேம்.

ஆனா அந்த ஃப்ரேமுக்குள்ள இருக்கிறதையும் பாருங்க. மின்நிலையச் சாம்பல் படிஞ்சு கழிமுகத்தோட ஆழம் குறைஞ்சிருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் வந்து படகு, வலை எல்லாத்துலயும் ஒட்டுச்சு. மழைக்காலத்துல வெள்ளம் கடலுக்குப் போற வாசல் இது. வாசல் அடைச்சா தண்ணி வீட்டுக்குத்தானே வரும்?

பழவேற்காடு: எலும்புக்கூடு காவல் காக்கும் வாசல்

எண்ணூர்ல ட்ரெயின் ஏறி பொன்னேரியில இறங்கினா பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு. 1613-ல டச்சுக்காரங்க இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். கோட்டை இருந்த இடத்துல இன்னிக்குப் புதர்தான். ஆனா கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கு. வாசலோட ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடுகள். பயமுறுத்த இல்லை, 'உனக்கும் சாவு உண்டு, மறந்துடாதே'னு சொல்ற அந்தக் கால ஐரோப்பிய வழக்கம் அது.

இங்கிருந்து கப்பல் ஏறின துணி ரொம்ப ஃபேமஸ். மலேசியாவுல லுங்கிக்கு இன்னிக்கும் 'கைன் பெலிக்காட்'னு பேர். பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்'னு சொன்னதுல இருந்து வந்த சொல் அது. ஆனா, அதே கப்பல்கள்ல மனுஷங்களையும் அடிமைகளா படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு ஏத்தினாங்க. அழகா செதுக்கின கல்லறைகளுக்கு முன்னாடி நிற்கும்போது, கல்லறையே இல்லாமப் போன அவங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கங்க.

ஊரை ஒட்டி ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் பூநாரைகள் வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. யார் கூப்பிட்டாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாத படகுல ஏறாதீங்க. கரையில இருந்தே ஏரி அழகாத்தான் இருக்கும்.
* துறைமுகம், மின்நிலையம் பக்கம் ட்ரோன் பறக்கவிடாதீங்க, கேட் பக்கம் கேமரா தூக்காதீங்க.
* வலை சரிபண்றவங்க, மீன் விக்கிற அக்காங்க யாரையும் கேட்காம போட்டோ எடுக்க வேண்டாம். அது அவங்க வேலை பார்க்குற இடம்.
* தொப்பி, தண்ணி பாட்டில் அவசியம். பொன்னேரிக்குத் திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கேட்டு வெச்சுக்கங்க.

'ஹம்பி எங்கே போயிடப் போகுது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு தைரியமா சொல்லலாம். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவுல இருக்கிற கரையை அப்படிச் சொல்ல முடியாது. காட்டுப்பள்ளி துறைமுகத்தைப் பெரிசாக்குற திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்க்கக் காரணம், துறைமுகச் சுவருக்கு வடக்கே கரை என்ன ஆகும்னு அவங்க ஏற்கெனவே பார்த்துட்டாங்க. ராயபுரத்துக் கருங்கல்லைப் பார்த்துட்டு வர்ற உங்களுக்கும் அது புரியும். வர்ற ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?