தோற்கவும் துணிந்து வந்த கம்பெனி

யானைமலைக்குப் பின்னால் வெயில் சாய்கிற நேரம். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் நான் டீ குடிக்கும் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு கார் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை பழகும் தம்பி, கிரீஸ் கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். போனில் ஃபோக்ஸ்வாகன் ரேஸ் கார் ஒன்றின் படத்தைக் காட்டினான்.

“அண்ணே, இது நம்ம பட்டறைக்கு சர்வீஸுக்கு வர்ற அதே வென்டோதானே? உள்ள எதுக்கு இம்புட்டு இரும்புக் குழாய்? கம்பெனிக்காரய்ங்களே ரேஸ் விடுறாய்ங்களாமே, அவய்ங்களுக்கு அதுல என்ன லாபம்?”

நல்ல கேள்வி. இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பொறுமையாக ஆரம்பித்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

கார் பந்தயம் என்றதும் நம் கண்ணில் வருவது ஃபார்முலா ஒன். சக்கரம் வெளியே தெரியும், ஒற்றை ஆள் உட்காரும், பந்தயத் தடத்தைத் தவிர வேறு எங்கும் ஓட முடியாத வண்டி. டூரிங் கார் வேறு ஜாதி. ஷோரூமில் நீங்களும் நானும் பணம் கட்டி எடுக்கும் காரின் உடம்பை வைத்துக்கொண்டு ஓடுவது அது. கூரை, கதவு, முகம் எல்லாம் நாம் ரோட்டில் பார்க்கிற அதே அச்சு. பிரிட்டனில் 1958-லேயே இப்படி ஒரு தொடர் தொடங்கிவிட்டது. பார்க்க வருகிறவன், ‘இது நம்ம வீட்டு வண்டி’ என்று சொல்லிக்கொள்ள முடிவதுதான் இதன் முதல் ருசி.

உடம்பு அதே என்றாலும் உள்ளே எல்லாம் மாறிவிடும். தம்பிக்கு இது உடனே பிடிபட்டது, அவன் தினமும் கழற்றி மாட்டுகிற சாமான்கள்தானே. பின் சீட், முன் சீட், கார்பெட், ஏசி, பாட்டுப் பெட்டி, கதவின் உள்பலகை எல்லாவற்றையும் பிடுங்கி எறிவார்கள். எடை குறையும். காலியான இடத்தில் இரும்புக் குழாய்களை வளைத்து, கூரையை ஒட்டியும் கதவுக்குக் குறுக்கேயும் பற்ற வைப்பார்கள். ரோல் கேஜ் என்பது அதுதான். வண்டி நாலு குட்டிக்கரணம் போட்டாலும் ஓட்டுபவர் தலைமேல் கூரை இறங்காது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஒற்றை சீட்டு, பல முனைகளில் கட்டும் பெல்ட், கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான். இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் கூண்டு உயிரைக் காப்பதோடு நிற்பதில்லை, வண்டியின் உடம்பையே விறைப்பாக்குகிறது. வளைவில் உடம்பு முறுக்காமல் இருந்தால்தான் சஸ்பென்ஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். “அப்ப டிங்கர் வேலை தெரிஞ்சவன்தான் பாதி ரேஸ் காரைச் செய்றான்” என்றான் தம்பி. உண்மை. வெல்டிங் தப்பினால் எஞ்சினால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

சரி, கம்பெனி ஏன் வருகிறது? வருவதற்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

முதல் வழி, தன் வீட்டு முற்றத்திலேயே பந்தயம் வைப்பது. ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் அப்படித்தான் நுழைந்தது. 2010-ல் போலோ கப் தொடங்கியது. பிறகு வென்டோ கப், 2017-ல் அமியோ கப். ஓடுகிற கார் அத்தனையும் ஒரே மாடல், ஒரே டயர். பராமரிப்பதும் கம்பெனி ஆட்களே. ஓட்டுபவர் மட்டும் மாறுவார். இளம் ஓட்டுநர்களுக்கு இது அருமையான பள்ளிக்கூடம், ஏனென்றால் ‘அவன் வண்டி நல்ல வண்டி’ என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய, இதே போல ஒரே வகை வண்டிகள் மோதிக்கொண்ட ஃபார்முலா மாருதி ஒரு தலைமுறைக்கே கை பழக்கியது. பின்னாளில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கிளம்பியது அதிலிருந்துதான். ஆனால் கம்பெனியின் பக்கமிருந்து பாருங்கள். ஓடுவது எல்லாம் போலோ என்றால் ஜெயிப்பதும் போலோதான். தோற்கவே முடியாத பந்தயம் அது.

இரண்டாவது வழி, ஊர்ப் பந்தயத்தில் போய் நிற்பது. 2018-ல் ஃபோக்ஸ்வாகன் மோட்டார்ஸ்போர்ட் இந்தியா அதைச் செய்தது. தேசிய கார் பந்தயத் தொடரின் ஒரு பிரிவான இந்தியன் டூரிங் கார்ஸில் வென்டோவை இறக்கியது. அந்தப் பிரிவில் ஏற்கெனவே வேரூன்றி நின்றவர்கள் தனியார் குழுக்கள். கோயம்புத்தூர் அர்ஜுன் பாலு போன்ற பழுத்த கைகள் ஹோண்டா சிட்டியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடிய களம் அது. சொந்தக் காசும் ஸ்பான்சர் காசும் போட்டு, தாங்களே எஞ்சினைப் பிரித்துக் கோத்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் உலகப் பெரும் கம்பெனி ஒன்று தோற்றுப் போகலாம். தோற்றால் நாலு பேர் பார்க்கத் தோற்க வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். கோப்பையை யார் தூக்கினார் என்பதைவிட, தன் பெயரைக் கொண்டுபோய் அந்த வரிசையில் நிறுத்தியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

“அதெப்படிண்ணே, கம்பெனி கையில கோடி கோடியா இருக்கு. பட்டறைக்காரன் எப்படி ஈடு கொடுப்பான்?”

இதுதான் இந்த விஷயத்தின் மையம். இங்கே நம் ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் விடுகிறோம். பூஞ்சிட்டோடு பெரிய மாட்டைக் கட்டி ஓட விட்டால் அதற்குப் பெயர் பந்தயமா? கார் பந்தயத்திலும் எஞ்சின் கொள்ளளவு, எடை, செய்யலாம், செய்யக் கூடாது என்ற மாற்றங்கள் என்று வகுப்பு பிரித்திருக்கிறார்கள். ஆனால் மாட்டில் இல்லாத ஒரு தொல்லை காரில் உண்டு. ஒரே வகுப்புக்குள்ளேயே பணத்தைக் கொட்டிக் கொட்டி, சட்டத்துக்கு உட்பட்டே பூஞ்சிட்டைப் பெரிய மாடாக்கிவிடலாம்.

அப்படி நடந்தது. உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 2014-ல் சிட்ரோயன் நுழைந்தது. உலக ராலியில் பல வருஷம் கொடி நாட்டிய கம்பெனி, அந்த அனுபவத்தையும் ஆட்களையும் அப்படியே கொண்டுவந்து இறக்கியது. அர்ஜென்டினாவின் ஹோசே மரியா லோபஸ் 2014, 2015, 2016 என மூன்று வருஷமும் பட்டம் வென்றார். மற்றவர்களுக்குச் செலவு எகிறியது, தனியார் குழுக்களுக்கு மூச்சு முட்டியது. 2016 முடிந்ததும் சிட்ரோயன் கிளம்பிவிட்டது. லாடாவும் கிளம்பியது. அடுத்த வருஷம் கம்பெனிகள் என்று மிஞ்சியவை ஹோண்டாவும் வால்வோவும்தான். 2017-ஓடு அந்த சாம்பியன்ஷிப்பே முடிந்துபோனது. யானை வந்தது, கரும்பைத் தின்றது, போனது. வயல்காரன் பாடு என்ன ஆனது என்று யானை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பாடத்திலிருந்து மேலே ஏறிய முறைக்கு டிசிஆர் என்று பெயர். மார்செல்லோ லோட்டி என்ற இத்தாலியர் 2015 வாக்கில் ஓட விட்ட சட்டப் புத்தகம் அது. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், முன் சக்கர இழுவை, ஏறக்குறைய 350 குதிரைசக்தி. முக்கியமான விதி என்னவென்றால், கம்பெனி காரைச் செய்யலாம், விற்கலாம், ஆனால் தானே குழு நடத்தி ஓட்டக் கூடாது. காசு கொடுக்கும் எந்தக் குழுவும் அந்தக் காரை வாங்கி ஓட்டலாம். பட்டறைக்காரன் திரும்பவும் களத்துக்குள் வந்தான்.

இதில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு மாடலையும் அதிகாரிகள் ஓட்டிப் பார்த்து அளக்கிறார்கள். வேகம் அதிகமாகத் தெரிந்தால் எடையைக் கூட்டுவார்கள், தரையிலிருந்து காரின் உயரத்தை ஏற்றுவார்கள், எஞ்சின் சக்தியைக் குறைப்பார்கள். அதுவும் போக, அண்மைப் பந்தயங்களில் நன்றாக ஓடிய காருக்குக் கூடுதல் பாரம். முடிந்துபோன சாம்பியன்ஷிப்பின் இடத்துக்கு டிசிஆர் சட்டத்தோடு வந்த உலகத் தொடரில் இது 60 கிலோ வரைக்கும் போனது.

“ஜெயிச்சவன் தலையில மூட்டையை ஏத்துறாய்ங்க. இது என்னண்ணே நியாயம்?” தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ராத்திரி பகலாக உழைத்து நல்ல வண்டி செய்தவனுக்கு அதன் பலன் போய்ச் சேர வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சிட்ரோயன் கதையைப் படித்த பிறகு மனம் மாறினேன். எதிரே ஓட ஆள் இல்லாத களத்தில் நல்ல வண்டிக்கு என்ன மதிப்பு? மூட்டையைச் சுமந்துகொண்டே ஜெயிப்பவன் உண்மையில் பெரிய ஆள்.

இந்த இடத்தில்தான் நமக்கு நெருக்கமான ஒரு கம்பெனி வருகிறது. ஹூண்டாய். காஞ்சிபுரம் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட்டு, 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்ட அதே ஹூண்டாய். 2017-ல் ஐ30 என் டிசிஆர் என்ற டூரிங் காரைச் செய்து, சீனாவில் முதன்முதலாக ஓடிய வார இறுதியிலேயே ஒரு பந்தயத்தை வென்றது. மறுவருஷம் அந்த உலகத் தொடரின் கோப்பை. மக்காவ் தெருக்களில் கடைசிச் சுற்று முடிந்தபோது பட்டம் வென்றவர் கேப்ரியேல் டார்கினி, வயது 56. அவரை ஓட வைத்தது பிஆர்சி என்ற இத்தாலியத் தனியார் குழு. 2019-லும் அதே மாடல் காரில் ஹங்கேரியின் நார்பர்ட் மிச்செலிஸ் பட்டம் வென்றார். ஐம்பத்தாறு வயதுக்காரரும் ஒரு தனியார் குழுவும் உலகத்தை ஜெயிக்க முடிந்ததற்கு அந்தச் சட்டப் புத்தகம்தான் கதவு திறந்துவிட்டது.

கம்பெனிக்கு லாபம் என்ன என்ற தம்பியின் கேள்விக்கு வருகிறேன். விளம்பரம் கிடைக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. கார் விற்ற காசும் உதிரிபாகக் காசும் வரும். பொறியாளர்களுக்குப் பழக்கமும் கிடைக்கும். ரோட்டில் பல வருஷம் கழித்துத் தெரியவரும் பலவீனத்தைப் பந்தயம் ஒரே மதியத்தில் காட்டிவிடும், பிரேக் கொதிக்கும், கியர் பல் உடையும், எண்ணெய் சூடேறும். ஆனால் பந்தயத்தில் ஓடியதாலேயே உங்கள் வீட்டு வண்டியின் மைலேஜ் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கம்பெனி என்றைக்கும் தங்கும் என்றும் நம்பக் கூடாது. போலோவை வைத்து 2013 முதல் 2016 வரை உலக ராலிப் பட்டத்தை விடாமல் வென்ற ஃபோக்ஸ்வாகன், ஜெயித்துக்கொண்டிருந்தபோதே ராலியை விட்டு விலகியது. ஜெர்மனியின் ஹானோவரில் இருந்த தன் மோட்டார்ஸ்போர்ட் நிறுவனத்தையே மூடுவதாக 2020 நவம்பரில் அறிவித்தது. இங்கே அமியோவும் போய்விட்டது, வென்டோ இருந்த இடத்துக்கு 2022-ல் வர்டஸ் வந்துவிட்டது. தம்பி காட்டிய படத்தில் இருந்த கார் இனி ஷோரூமில் கிடைக்காது.

போகாமல் நிற்பது எது? 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நிற்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியவர்கள் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் போட்டார்கள், சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர் நீளம். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில், 1995-ல் சிறுவிமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே நிற்கிறது. தனியார் குழுக்களும், ராத்திரி முழுக்க கிளட்ச் மாற்றிக் காலையில் வண்டியை வரிசையில் நிறுத்தும் மெக்கானிக்குகளும் நிற்கிறார்கள். எந்தக் கம்பெனி வந்தாலும் போனாலும் அந்தக் கைகளில் பழக்கம் மிஞ்ச வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம் வரும். ஹூண்டாயின் தொழிற்சாலையும் பந்தயத் தடமும் ஒரே ஊரில் இருக்கின்றன. உலகக் கோப்பை வென்ற அந்த ஐ30 உருவானதோ ஜெர்மனியின் அல்செனாவில். ஒரகடத்தில் ரெனோவும் இருக்கிறது. இவர்கள் இங்கேயே செய்கிற ஒரு சின்ன காரை, ரோல் கேஜும் பிரேக்கும் பொருத்தி, நம் தனியார் குழுக்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்க முன்வர வேண்டும். அந்த வண்டியைக் கோக்கும் வேலைக்கு ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளை எடுக்க வேண்டும். கோப்பைக்காக ஒரு வருஷம் வந்து போவதைவிட அது பெரிய வருகை.

“என்னைய எடுப்பாய்ங்களாண்ணே?” என்றான் தம்பி. டீ ஆறிப்போயிருந்தது. கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பந்தயம் அறிவித்த வார இறுதியில் ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறுங்கள். வீட்டில் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கார்கள் ஓடும்போது மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், இரண்டு பந்தயங்களுக்கு நடுவே வண்டியைப் பிரித்துக் கோக்கும் இடத்தில் அனுமதி கேட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.