நோய்த்தோற்ற விவாதமும் சான்றுகளும்: ஸ்வெர்ட்லோவ்ஸ்க் ஆந்த்ராக்ஸ் நிகழ்வு (1979)

முன்னுரை

கொள்ளைநோய் இயற்கையில் எழுந்ததா, ஆய்வகத்திலிருந்து கசிந்ததா என்னும் வினா பெரும்பாலும் அரசியல் சார்புகளோடு கலந்தே எழுகிறது. கோவிட்-19 குறித்த விவாதமும் இதற்கு விலக்கன்று. கசிவு உறுதிசெய்யப்பட்ட ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நிகழ்வைக் கொண்டு, இவ்வினாவிற்கு விடைகாணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அரசின் விளக்கம்

1979 ஏப்ரல், மே மாதங்களில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் (இன்றைய யெகாத்தெரின்பூர்க்) ஆந்த்ராக்ஸ் நோயால் குறைந்தது 66 பேர் இறந்தனர். நோயுற்ற கால்நடைகளின் இறைச்சியே காரணம் என்றது அரசு. நகரிலிருந்த இராணுவ நுண்ணுயிரியல் வளாகத்தை அமெரிக்கா ஐயுற்றது. கால்நடைகளும் இறந்திருந்தமையால் இறைச்சி விளக்கம் பொருந்துவதாகவே தோன்றியது. அமெரிக்க அறிவியலாளர் மேத்யூ மெசல்சனும் 1980களில் அதனை ஏற்கத்தக்கதெனக் கருதினார்.

உடற்கூற்றுச் சான்று

மருத்துவமனை ஆவணங்களை உளவுத்துறை கைப்பற்றியது. எனினும் நோயியலாளர்கள் ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் ஆகியோர் திசு மாதிரிகளையும் குறிப்புகளையும் பாதுகாத்தனர். ஆராயப்பட்ட 42 உடல்களிலும் மார்புக்கூட்டு நிணநீர் முடிச்சுகள் குருதிக்கசிவுடன் சிதைந்திருந்தன. இது வித்துகள் மூச்சுவழி நுழைந்ததற்கான அடையாளமாகும். பலரிடம் குடற்புண்களும் காணப்பட்டன. அவற்றை மட்டும் நோக்கின் இறைச்சியே காரணமெனத் தோன்றும். நோய் குருதிவழிப் பரவியதன் விளைவே அவை என 1993இல் வெளியான ஆய்வு விளக்கியது.

நிலவரைச் சான்று

1992இல் ரஷ்யக் குடியரசுத் தலைவர் யெல்ட்சின் இராணுவமே காரணம் என ஒப்புக்கொண்டார். அவ்வாண்டே அங்குச் சென்ற மெசல்சன் குழுவினர், நோயுற்றோரின் உறவினர்களை நேர்காணல் செய்து, அவர்கள் வாழ்ந்த, பணியாற்றிய இடங்களை வரைபடத்தில் குறித்தனர். பெரும்பாலான இடங்கள் வளாகத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 4 கி.மீ. நீண்ட குறுகிய பட்டையில் அமைந்தன. கால்நடைகள் இறந்த சிற்றூர்களும் அதே கோட்டின் நீட்சியில், 50 கி.மீ. வரை காணப்பட்டன. 1979 ஏப்ரல் 2 அன்று வீசிய வாடைக்காற்றின் திசையும் இதுவே. இறைச்சி விற்பனை காற்றின் திசையைப் பின்பற்றாது என்பது இங்கு எண்ணத்தக்கது. இம்முடிவுகள் 1994இல் வெளியாயின.

கசிவும் உருவாக்கமும்

2016இல் அத்திசுக்களிலிருந்து பெறப்பட்ட மரபணுத்தொகுதி, இயற்கை வகைகளை நெருங்கியதாகவும் மரபணு மாற்றத் தடயமற்றதாகவும் இருந்தது. ஆகவே, ‘கசிந்ததா’, ‘செயற்கையாக மாற்றப்பட்டதா’ என்பன வேறு வேறு வினாக்கள் என்பது தெளிவாகிறது.

முடிவுரை

உடற்கூறு, இடப்பரவல், காற்றின் திசை ஆகிய தனித்தனிச் சான்றுகள் ஒரே முடிவில் இணைந்தமையே இங்கு விடையை உறுதிசெய்தது. அரசின் மறுப்போ ஒப்புதலோ மட்டும் அதற்குப் போதியதன்று. தொடக்கநிலை மாதிரிகளும் நோயாளர் விவரங்களும் பாதுகாக்கப்படாவிடில், நோய்த்தோற்ற விவாதம் ஊகங்களின் மோதலாகவே எஞ்சும் எனலாம்.