தவளைத் தொட்டியில் பாசி ஏன் கருகுகிறது?

செல்லப்பிராணி வளர்ப்பு குறித்த நமது கலந்துரையாடலில் கம்போங் மேடானிலிருந்து ஒரு நேயர் கேட்ட கேள்வி, நிகழ்ச்சி முடிந்த பிறகும் பலரால் பேசப்பட்டது. அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் தவளைக்காகக் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்திருக்கிறார். கேமரன் மலைக்குப் போன உறவினர் பெயர்த்து வந்த பச்சைப் பாசியைக் கம்பளம் போல் அதில் விரித்திருக்கிறார். இரண்டு வாரத்தில் பாசி பழுத்தது. மூன்றாம் வாரம் கறுத்துவிட்டது. "தினமும் தண்ணீர் தெளிக்கிறேனே, என்னதான் குறை?" என்று கேட்டார். ஒளிபரப்பு நேரத்தில் சொல்லி முடிக்க இயலாத பதில் என்பதால் இங்கே விரிவாகத் தருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குளத்து நீரைப் பச்சையாக்குவதையும் பாசி என்கிறோம். சுவரில் வெல்வெட் துணி போல் படர்வதையும் பாசி என்கிறோம். இரண்டும் வேறு. நாம் பேசுவது இரண்டாவதை, ஆங்கிலேயர் மோஸ் என்று சொல்வதை. இதற்குச் சிறு இலை உண்டு, ஆனால் உண்மையான வேர் கிடையாது. அடியில் தெரியும் இழைகள் பிடிமானத்திற்கு மட்டுமே. பெரும்பாலான வகைகளில் இலையின் தடிப்பு ஒரே ஓர் உயிரணு. தண்ணீரை அந்த இலை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது.

தவளையும் ஏறக்குறைய அப்படித்தான். வாயால் நீர் குடிப்பதில்லை. வயிற்றுப் பக்கத்துத் தோலால் உறிஞ்சுகிறது. ஆகவே தொட்டிக்குள் இருக்கும் இரண்டு உயிர்களுக்கும் வடிகட்டி என்று ஒன்று இல்லை. தெளிக்கும் நீரில் என்ன இருக்கிறதோ அது நேராக உள்ளே போகும். பாசி கருகும்போது, 'தண்ணீரையும் சூட்டையும் கவனி, அடுத்தது தவளை' என்ற எச்சரிக்கையாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கேமரன் மலைப் பாசிக்கு என்ன ஆயிற்று? பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடு சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பகலில் 32, 33 டிகிரி. மூடிய கண்ணாடிக்குள் விளக்கையும் போட்டுவிட்டால் அதற்கும் மேல். மேகத்தில் வாழ்ந்து பழகிய பாசியை இப்படி வேகவைத்துவிட்டு, தண்ணீர் போதவில்லையோ என்று மேலும் மேலும் ஊற்றுகிறோம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது அழுகாமல் என்ன செய்யும்?

அதோடு, நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து அனுமதியின்றித் தாவரம் எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், மலையில் அந்தப் பாசிதான் மேகத்து ஈரத்தைப் பஞ்சு போல் பிடித்து வைத்து, சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்கு அனுப்புகிறது. அதைப் பெயர்த்து வந்து வரவேற்பறையில் மூன்று வாரம் சாகடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வேறு வழி பக்கத்திலேயே இருக்கிறது. மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் ஜாவா பாசி நம் வட்டாரத்தைச் சேர்ந்தது. நீரிலும் வளரும், ஈரமான கட்டையின் மேலும் வளரும். கத்தரிக்கோலால் பொடியாக வெட்டி, நனைத்த தென்னை நார்ப் பலகையிலோ மரக்கட்டையிலோ மெல்லிய படலமாகப் பூசிவிடுங்கள். ஒவ்வொரு துணுக்கும் புதுச் செடியாகும் ஆற்றல் கொண்டது. தடித்துப் பூசினால் அடிப்பகுதி அழுகும். பச்சை பிடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை தவளையை விடாதீர்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது. கடையில் பளபளவென்ற பச்சையில் பொட்டலமாகக் கிடைப்பது பல நேரம் காயவைத்துச் சாயம் ஏற்றிய பாசி. அது வளராது, சாயமும் தவளைக்கு ஆகாது.

வீட்டுச் சுவர்ப் பாசியைப் பயன்படுத்தலாமா என்று பிரிக்பீல்ட்ஸ் நேயர் ஒருவர் கேட்டார். வெயிலுக்குப் பழகியது என்பதால் அதுவே நல்ல தேர்வு. ஆனால் நேரே தொட்டிக்குள் போடக் கூடாது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை உலகெங்கும் பரவியிருக்கிறது. குறைந்தது 501 வகை நீர்நில வாழ்விகள் அதனால் குறைந்துபோயின என்றும், அவற்றில் 90 வகைகள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்றும் 2019இல் வெளியான ஆய்வு கூறியது. தீபகற்ப மலேசியாவிலும் அது 2011இல் பதிவாகியுள்ளது. இந்தப் பூஞ்சை ஈரத்தில்தான் உயிரோடு இருக்கும். முழுவதும் உலர்ந்தால் தாங்காது. சுவர்ப் பாசியோ காய்ந்து சருகானாலும் நனைத்தால் எழுந்துகொள்ளும். எனவே நன்றாக அலசி, பழைய நாளிதழின் மேல் நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு, பிறகு நனைத்துத் தனிப் பெட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அலசுவதை விட்டுவிடாதீர்கள்: ஏடிஸ் கொசுவின் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த இடத்துப் பாசி வேண்டவே வேண்டாம்.

தண்ணீருக்கு வருவோம். குழாய் நீரில் கிருமி நீக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்தால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைச் சில சொட்டு விட்டால் இன்னும் நல்லது. கொதிக்க வைத்த நீரில் உப்பு குறையாது, கூடத்தான் செய்யும். பாசிக்குத் தெளிக்க, குடியிருப்புப் பகுதிகளில் காசு போட்டுப் பிடிக்கும் இயந்திரங்களின் வடிகட்டிய நீர் பொருத்தமானது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் தூய்மையாகத் தெரிந்தாலும், உலோகச் சுருளில் வழிந்து வருவது, அதைத் தவிர்த்துவிடுங்கள். காலையில் ஒரு முறை, தேவையானால் மாலையில் ஒரு முறை தெளித்தால் போதும். அடியில் களிமண் உருண்டை, அதன் மேல் வலை, அதற்கும் மேல் தேங்காய் மட்டைத் துண்டு என்று அமைத்தால் மிஞ்சிய நீர் கீழே இறங்கிவிடும். விளக்கைக் கண்ணாடிக்கு வெளியே வையுங்கள். வெள்ளை எல்இடி, நாளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். பாசி வெளிறி நெட்டையாக வளர்ந்தால் ஒளி குறைவு. நுனி பழுத்தால் வறட்சி, சூடு அல்லது உப்பு. கறுத்து வழவழத்தால் நீர் தேங்குகிறது.

எந்தத் தவளை என்பதும் முக்கியம். மழை பெய்ததும் கால்வாயில் கன்றுக்குட்டி போல் கத்தும் குண்டுத் தவளையை விட்டால், ஒரே இரவில் மண்ணைத் தோண்டிப் பாசியைப் புரட்டிவிடும். பாசியோடு ஒத்துப்போவது சிறிய தவளைகளே. தென் அமெரிக்க அம்புத் தவளைகளின் படத்தைப் பார்த்து ஆசைப்படுவோர் உண்டு. அவை அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை; வனவிலங்குத் துறையின் அனுமதி இன்றி இறக்குமதி செய்ய முடியாது. வெப்பம் 30 டிகிரியை நெருங்கினாலே பல வகைகள் தவித்துப்போகும். நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும் வீட்டிற்கே சரிப்படும்.

இடையில் ஒரு செய்தி. மூடிய கண்ணாடிக்குள் செடி வாழும் என்பதை 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு தற்செயலாகக் கண்டார். அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகள் 38இல்தான் 1876ஆம் ஆண்டு கியூ தோட்டத்து ரப்பர்க் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. பால்மரத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்து சேர்ந்த கதையில் இந்தப் பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

கடைசியாக, டிங்கி. தொட்டியின் அடியில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. மூடியின் காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய வலை ஒட்டி, அடிநீரை வாரம் ஒரு முறை உறிஞ்சி எடுங்கள். அந்த நீரில் குளோராக்ஸ் கலந்து சற்று நேரம் வைத்த பிறகே கழிவறையில் ஊற்ற வேண்டும். அப்படியே கால்வாயில் கொட்டினால் தொட்டியின் நோய் வெளித் தவளைகளுக்குப் போகும். குடியிருப்பில் மருந்துப் புகை அடிக்கும் நாளில், தவளையைச் சிறு பெட்டியில் மாற்றி வேறிடத்தில் வையுங்கள். தொட்டியை ஈரத் துணியால் மூடி, சன்னல்களைச் சாத்திவிடுங்கள். புகை அடங்கி வீட்டில் நன்றாகக் காற்றாடிய பிறகு துணியை எடுத்து, கண்ணாடியை வெளிப்புறம் துடைத்துவிட்டுத் தவளையைத் திரும்ப விடலாம்.